லயத்துச் சுவரும் தொலைபேசியும்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருவீதியில், குண்டசாலையைக் கடந்து, தும்பறைப் பள்ளத்தாக்கின் வெம்மைக்குள் இறங்கித் திகன நகரத்தை அடையும் பிரயாணி, இது அண்மைக் காலத்தில் தோன்றிய ஊர் என்றே நினைக்கக்கூடும். அந்த நினைப்பில் பாதி உண்மை உண்டு. மகாவலி கங்கையின் குறுக்கே 122 மீட்டர் உயரத்தில் எழுப்பப்பட்ட விக்டோரியா அணை 1985 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட அக்காலத்தில், பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் மறைய, தலைமுறை தலைமுறையாக ஒரே வேலியின் இருபுறமும் வாழ்ந்தவர்கள் வெவ்வேறு திசைகளுக்குப் பெயர்ந்து செல்ல, அணைவேலைக்கு வந்தவர்களின் குடியிருப்பும் புதுக்கடைகளுமாகத் திகன பெருகிற்று. மழை பொய்த்து நீர் வற்றும்போது பழைய நகரத்தின் இடிபாடுகள் இன்றும் தலைகாட்டுகின்றன. வீட்டுக்கும் வயலுக்கும் நட்டஈடு கொடுக்கலாம். துக்கம் நேர்ந்தால் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் அயலாருக்கு எதை ஈடாகக் கொடுப்பது? தொலைவிலிருந்து துயர் கேட்கும் தொழில் இந்நாட்டில் எவ்வாறு வளர்ந்தது என்று எழுதப் புகுந்த நான், திகனயிலிருந்து தொடங்குவது அந்தக் கேள்வியின் பொருட்டே.

இலங்கையில் சமூகப்பணி முறையான தொழிலாக உருப்பெற்றது சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில். சமூக சேவைகள் திணைக்களம் 1948 இல் நிறுவப்பட்டது. 1952 இல் கொழும்பில் சமூகப்பணிக்கெனப் பயிற்சி நிலையம் ஒன்று ஆரம்பமாயிற்று. அதன் வழிவந்ததே 1992 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். இத்தொழிலின் உயிர்நாடி வீட்டுத் தரிசிப்பு. படலையைத் திறந்துகொண்டு உள்ளே செல்லும் உத்தியோகத்தர், அடுப்பு எரிந்திருக்கிறதா, குழந்தையின் கண்ணில் தெளிவு இருக்கிறதா, கணவன் பேச்சை எடுத்ததும் மனைவியின் முகம் வாடுகிறதா என்பவற்றையெல்லாம் வாய்திறந்து கேளாமலே கண்டுகொள்வார். கண்ணால் பழகிய இந்த வித்தையைக் காதால் மட்டுமே செய்ய வேண்டிய நாள் பின்னால் வந்தது.

காதால் கேட்பதற்குப் பேசுபவருக்கு அந்தரங்கம் வேண்டும்; அதுவோ மலைநாட்டுத் தோட்டங்களில் எக்காலத்திலும் எளிதில் கிட்டாத பொருள். தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பாகிய லயத்தில் காம்பரா ஒன்றின் அளவு ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. அந்த இடைவெளி வழியே ஒரு வீட்டு அடுப்பின் புகை அடுத்த வீட்டுக்குப் போகும், புகையோடு பேச்சும் போகும். யார் இருமினார், யார் அழுதார் என்பது விடிவதற்குள் லயம் முழுவதும் அறிந்த செய்தியாகிவிடும். கடிதங்களின் கதையும் இதுவே. லயத்துக்குத் தனி விலாசம் இல்லாமையால், கடல் கடந்து தாய் எழுதிய கடிதமானாலும் தோட்டத்துக் காரியாலயத்திற்கு வந்து, அங்கே தங்கி, கைமாறிக் கைமாறித்தான் உரியவளைச் சேரும். எழுத்தறியாத அவள், அதை வாசிக்க மற்றொருவரிடம் கொண்டுபோக வேண்டும். தன் வீட்டுத் துக்கத்தைத் தான் அறியுமுன் பிறர் அறிந்திருந்த பெண்கள் எத்தனை பேர்! தொலைபேசி வந்த பின்னும் அது துரையின் பங்களாவிலும் காரியாலயத்து மேசையிலுமே வீற்றிருந்தது.

துயருற்ற ஒருவர் தம் முகத்தையும் பெயரையும் மறைத்துக்கொண்டே மனந்திறந்து பேசலாம் என்ற எண்ணத்திற்கு லண்டன் மாநகரில் வடிவம் கொடுத்தவர் சாட் வரா என்ற பாதிரியார். இளம் குருவாக 1935 இல் அவர் நடத்திய முதலாவது அடக்க ஆராதனை, பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியுடையது. பூப்பெய்தியதைக் கொடிய நோயென்று அஞ்சிய அந்தப் பிள்ளை, கேட்டுத் தெளிய ஒருவரும் இல்லாமல் உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்த நினைவைப் பதினெட்டு ஆண்டுகள் சுமந்தவர், 1953 நவம்பரில் தம் தேவாலயத்தில் தொலைபேசியை வைத்துக்கொண்டு அழைப்பவர்களுக்குக் காது கொடுக்கத் தொடங்கினார். அவரைக் காண வந்து காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து உடனிருந்த சாதாரண மனிதர்களின் பேச்சே பலருக்கு மருந்தாகிவிட்டதை அவர் கண்டார். உபதேசம் செய்யாது தோழமையோடு கேட்பதே அந்த இயக்கத்தின் முறையாயிற்று.

இலங்கையில் அதே வழியில் 1974 ஆம் ஆண்டில் ஜோன் டி மெல் அம்மையார் ஆரம்பித்த சுமித்ரயோ என்னும் அமைப்பு பின்னர் கண்டியிலும் கிளை கண்டது. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986 இல் தொடங்கிய ஸ்நேகாவும் இதன் உறவே. இலங்கையில் இப்பணியை மேற்கொண்டவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் இருந்தது. தற்கொலைக்கு முயல்வது இங்கே 1998 வரையில் தண்டனைக்குரிய குற்றம். அழைத்தவர் அஞ்சியது மரணத்தை அன்று, பொலிசை! இரகசியம் காப்போம் என்ற வாக்குறுதி அக்காலத்தில் வெறும் தொழில் மரியாதையாக இல்லாமல், நம்பி வந்தவரைச் சட்டத்தின் பிடியிலிருந்து காக்கும் கவசமாகவும் இருந்தது. 1995 ஆம் ஆண்டளவில் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை மலிந்து, உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்றாக இருந்த நாடு இது. பின்னர் அத்தொகை பெரிதும் வீழ்ந்ததற்கு, கொடிய பூச்சிக்கொல்லிகளின் இறக்குமதியைத் தடுத்ததே பிரதான காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். அந்தப் புகழைத் தொலைபேசிக்குச் சூட்டுவது நியாயமன்று. ஆயினும், நஞ்சுப் போத்தல் கைக்கெட்டாமற் போன பின்னும் மனத்தில் எஞ்சிய துயரத்தைக் கேட்க ஒருவர் வேண்டியிருந்தது.

தெற்காசியாவிலேயே முதன்முதலாகக் கையடக்கத் தொலைபேசிச் சேவை 1989 இல் இலங்கையில் ஆரம்பித்தது. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் அது லயத்துக் காம்பராவுக்குள்ளும் நுழைந்தது. அதன் நன்மையையும் தீமையையும் ஒரே வாரத்தில் அனுபவித்த ஊர் திகன. 2018 மார்ச்சில், வீதியில் தாக்கப்பட்ட சாரதி ஒருவரின் மரணத்தைச் சாட்டாகக் கொண்டு முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டபோது, தீயினும் வேகமாக வதந்தியைச் சுமந்தவை கையடக்கத் தொலைபேசிகளே. அவசரகாலச் சட்டம் வந்தது, ஊரடங்கு வந்தது, பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் ஆகியவை சில நாட்களுக்கு முடக்கப்பட்டன. வெறுப்பைப் பரப்பிய வழி அடைபட்டபோது, உறவினரின் நலம் விசாரித்த வழியும் அதனோடு சேர்ந்தே அடைபட்டது; சாதாரணத் தொலைபேசி அழைப்பு ஒன்றே மிஞ்சியது. தன் தளம் அந்த அநியாயத்துக்கு உதவியதற்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. அந்த ஊர் மக்களின் மொழியையும் அச்சத்தையும் அறிந்தவர்கள் மறுமுனையில் இல்லாத கருவி எவ்வளவு பெரிதாயிருந்தும் யாருக்கு என்ன பயன்?

2020 மார்ச் 20 ஆம் திகதி கொரோனாவின் பொருட்டு நாடெங்கும் ஊரடங்கு விழுந்தபோது, வீட்டுத் தரிசிப்பு என்பதே இயலாததாயிற்று. படலை திறந்து பழகியவர்கள் தொலைபேசியை எடுத்தார்கள். தொழில்நுட்பத்தைக் கொண்டு சமூகப்பணி செய்வதற்கென அமெரிக்கச் சங்கங்கள் நான்கு கூடி 2017 இலேயே நியமங்கள் வகுத்திருந்தன: சேவையின் தன்மையை விளக்கிச் சம்மதம் பெறுக, அந்தரங்கத்தைக் காக்க, ஆபத்து வேளைக்கு வழி வகுத்துவைக்க என்பன போன்றவை. அவை நல்ல விதிகள். ஆனால் தனியறையில் கதவடைத்துப் பேசக்கூடியவர்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. ஒரு குடும்பத்துக்கு ஒரு தொலைபேசி, அதுவும் கணவன் சட்டைப்பையில் இருக்கும் லயத்தில், சம்மதம் கேட்கும் சொல்லை யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்?

ஆகையால் இங்கே முதற் கேள்வி, உங்களுக்கு என்ன துன்பம் என்பதன்று. இப்போது பேச வசதியா, பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்பதே. அதையும் ஆம், இல்லை என்ற ஒற்றைச் சொல்லில் விடை கூறத்தக்கதாகக் கேட்க வேண்டும். யாரேனும் உள்ளே வந்தால் என்ன சொல்வது என்பதை முன்னரே பேசிவைத்துக்கொள்வது நல்ல பழக்கம். தேயிலைச் செடியோரம் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கும் பெண், திடீரென்று குரலை உயர்த்தி, "சரிங்க மிஸ், நாளைக்குக் கிளினிக்குக்கு வாறேன்" என்றால், அக்கணமே பேச்சை மாற்றவும், தானாகத் திரும்ப அழைக்காதிருக்கவும் உத்தியோகத்தர் அறிந்திருக்க வேண்டும். கடமையுணர்ச்சியால் மறுபடி அழைக்கும் ஒரு மணியோசை அவளுக்கு அடியாய் முடியக்கூடும்.

விலாசம் கேட்பதும் முன்கூட்டியே செய்ய வேண்டியதே. பேசிக்கொண்டிருப்பவள் உயிருக்கே ஆபத்து நேர்ந்தால் 1990 அம்புலன்ஸ் வண்டியை எங்கே அனுப்புவது? எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எத்தனையாம் லயம் என்பதை உரையாடலின் தொடக்கத்திலேயே அறிந்திராத அனுதாபம் அந்த நிமிடத்தில் கைகட்டி நிற்கும். தனி விலாசம் இல்லாமல் கடிதம் கைமாறிய காலத்தின் குறை இன்றும் தீரவில்லை. அந்தரங்கத்தைப் பொறுத்தமட்டில், 2022 ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எழுதிவைத்த குறிப்புகளைக் காக்கலாம். சுவருக்கு அப்பால் கேட்கும் காதுகளுக்கு அது என்ன செய்யும்? அந்தக் காதுகளுக்கு நடுவே பேசும் முறையை உளவளத்துணை கற்பிப்போர்தாம், தமிழில், தோட்டத்துப் பேச்சு வழக்கில், மாணவரைப் பழக்கிக் கற்பிக்க வேண்டும்.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் துயருற்றோருக்காக இருக்கிறது. இதை வாசிக்கும் மலைநாட்டு அன்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளையோ மருமகளோ தொலைபேசியை எடுத்துக்கொண்டு லயத்தைவிட்டுச் சற்றுத் தொலைவு நடந்தால், பின்னால் போகாதீர்கள். திரும்பி வந்ததும் யாரோடு பேசினாய் என்று கேட்காதீர்கள்.