ஒரு சர்வருக்குள் பல கணினிகள்

ஒரே சர்வருக்குள் பல கணினிகள் தனித்தனியே இயங்குவதாகத் தோற்றம் காட்டும் கன்டெய்னர் முறைக்கு, 1979-ல் ஏழாம் பதிப்பு யுனிக்ஸின் காலத்தில் பிறந்த ‘சிரூட்’ என்னும் சிறு உபாயமே பூர்வீகமெனினும், கோப்புகளின் எல்லையை மாத்திரம் குறுக்கிய அது வலைத்தொடர்பைச் சிறிதும் பிரிக்கவில்லை. 2000-ல் ஃபிரீபிஎஸ்டி 4.0-வுடன் வந்த ‘ஜெயில்’ என்னும் முறை, தான் பிரித்த பகுதி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐ.பி. முகவரியை அளித்தது, ஆயினும் முகவரிதான் சொந்தமேயன்றி வலையமைப்பு முழுதும் அன்று சர்வருடையதாகவே இருந்தது. லினக்ஸ் கெர்னல் 2.6.24 வெளிவந்த 2008-க்குப் பின்னரே, ஒரு முனை கன்டெய்னருக்குள்ளும் மறுமுனை சர்வரின் பிரிட்ஜிலுமாக நிற்கும் மென்பொருள் ஈதர்நெட் கம்பியின் வழியே, எல்எக்ஸ்சி எனப்படும் லினக்ஸ் கன்டெய்னர்கள் சொந்த ரூட்டிங் அட்டவணையும் ஃபயர்வால் விதிகளும் பெற்றுப் பிரத்தியேகக் கணினிகளாகவே நடமாடலாயின. கெர்னல் ஒன்றேயாதலால் அதன் பலவீனம் அனைத்துக்கும் பொது. ஆகவே கன்டெய்னர் முறையைப் பூரண பாதுகாப்பென்று புகழ்வது, என் அபிப்பிராயத்தில், மிகையே.