முரசுக்குள் வைக்கும் மருந்து: எதற்கு உதவும், எதற்கு உதவாது

வன்னியில் பல் பற்றிக் கேட்டால் பலர் சொல்வது ஒன்றுதான்: "நோகேல்லை, ஆனா ஆடுது." முரசு நோயின் ஆபத்தே அதுதான். இடப்பெயர்வு, முகாம், மீள்குடியேற்றம் என்று ஓடிய ஆண்டுகளில் வலிக்காத ஒன்றை யார் கவனித்தார்கள்? வலியில்லாமலே பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துபோகிறது.

பல்லுக்கும் முரசுக்கும் இடையில் 3 மில்லிமீற்றர் வரை இடைவெளி இருப்பது வழமை. நோய் முற்றும்போது அது ஆழமான பையாகிறது. 5 மில்லிமீற்றர் ஆழத்துக்குப் பிரஷும் போகாது, வாய் கொப்பளிக்கும் மருந்தும் போகாது. அதனால்தான் பைக்குள்ளேயே மருந்து வைக்கும் முறை வந்தது. 2.5 மில்லிகிராம் குளோர்ஹெக்சிடின் கொண்ட சிறு தகடு 7 முதல் 10 நாட்களில் மெல்லக் கரையும். டொக்சிசைக்ளின் ஜெல், மினோசைக்ளின் நுண்துகள் என்பனவும் உண்டு. உடம்பு முழுக்கப் போகும் மருந்து மிகக் குறைவு. நோயுள்ள இடத்தில் செறிவு அதிகம்.

ஆனால் வேரில் ஒட்டிக் கல்லாக இறுகிய அழுக்கை எந்த மருந்தும் கரைக்காது. அதைப் பல் வைத்தியர் சுரண்டி எடுக்க வேண்டும். அதன் பிறகு மருந்து வைத்தால் பையின் ஆழம் மேலும் சற்றுக் குறையலாம், பெரும்பாலும் அரை மில்லிமீற்றருக்கும் குறைவாக. தகடு கிடைக்கவில்லையே என்று கவலைப்படுவதை விட, சுத்தம் செய்யாமல் விடுவதைப் பற்றிக் கவலைப்படுவதே மேல் என்பது என் எண்ணம்.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரின் குழு 1970 முதல் 1985 வரை மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் 480 ஆண்களை அவதானித்தது. பல் துலக்கும் பழக்கமோ சிகிச்சையோ அவர்களுக்கு இல்லை. 8 வீதமானோருக்கு நோய் வேகமாக முற்றியது, 81 வீதமானோருக்கு மிதமாக. 11 வீதமானோருக்கு முரசு வீக்கத்துக்கு மேல் போகவில்லை. உலகப் பல் மருத்துவப் பாடநூல்களில் இன்றும் வரும் கணக்கு இது. 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்களின் உறவினர்கள் கூட அதில் இருந்திருக்கலாம்.

பாமசியில் மெற்றோனிடசோல் வாங்கி விழுங்கினால் வீக்கம் வற்றும். கல் அப்படியே இருக்கும், நோய் திரும்பும். அரச வைத்தியசாலைப் பற்சிகிச்சைப் பிரிவில் பணம் கேட்க மாட்டார்கள். போகும்போது சலரோகம், கர்ப்பம், புகைத்தல், புகையிலையோடு வெற்றிலை போடுதல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கு டொக்சிசைக்ளின், மினோசைக்ளின் கொடுப்பதில்லை. குளோர்ஹெக்சிடினால் வாரக்கணக்கில் கொப்பளித்தால் பல் கபில நிறமாகும், தேநீர் குடிப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாக.