உறுமும் சிங்கம் (ஒளிப்படம்)

ஆர்மேனிய வம்சாவளியினரான கனடிய ஒளிப்படக் கலைஞர் யூசுப் கார்ஷ், 1941 டிசம்பர் 30 அன்று ஒட்டாவாவில் எடுத்த, அப்போதைய பிரிட்டன் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலின் உருவப்படம். திட்டமிடலும் சமயோசிதமும் ஒரே அமர்வில் கைகோத்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

கார்ஷ் நாடாளுமன்றச் சபாநாயகரின் அறையில் விளக்குகளையும் பெரிய படத்தாள் கேமராவையும் முன்கூட்டியே பொருத்தி வைத்திருந்தார். உரையாற்றிவிட்டு வந்த சர்ச்சிலுக்கோ படம் எடுக்கப்போவது தெரியாது. எரிச்சலோடுதான் இசைந்தார், அதுவும் ஒரே ஒரு படத்துக்கு. வாயில் சுருட்டு. சாம்பல் கிண்ணத்தை நீட்டியும் அவர் சுருட்டை எடுக்கவில்லை. கேமராவைச் சரிபார்த்த கார்ஷ், மன்னிப்புக் கேட்டபடியே அருகில் சென்று சுருட்டைப் பிடுங்கிவிட்டார். திரும்பி வந்து ஷட்டரை அழுத்தியபோது பதிவானதே அந்த முறைப்பு. போர்க்கால பிரிட்டனின் உறுதியாக உலகம் வாசித்த முகம், உண்மையில் சுருட்டைப் பறிகொடுத்தவரின் கோபம்!

சர்ச்சில் பிறகு தாமாகவே இன்னொரு படத்துக்கும் சம்மதித்தார். அதில் அவர் புன்னகைக்கிறார். கார்ஷுக்குப் பிடித்தது அதுதான் என்பார்கள். முறைத்த படமோ 2016இல் பிரிட்டனின் 5 பவுண்டு நோட்டுக்கும் ஆதாரமானது.