மெத்தையை எங்கே போடுவது?

எங்கட ஒழுங்கை முடியிற இடத்தில் ஒரு வெறும் வளவு கிடக்கு. போன மாரிக்கு முதல் நாங்கள் சேர்ந்து அதைத் துப்புரவாக்கப் போனோம். பொலித்தீன் பைகள்தான் கிடக்கும் எண்டு நினைத்தோம். கிடந்ததோ மூன்று ஸ்பொஞ் மெத்தை, கதவில்லாத ஒரு பிரிட்ஜ், நாலைந்து ரயர். ரயருக்குள் நின்ற தண்ணியில் நுளம்புக் குடம்பிகள். குப்பை எடுக்க வந்த உழவு இயந்திரக்காரரைக் கேட்டால், "பையில கட்டினதைத்தான் எடுப்பம் தம்பியவை" எண்டார். அவரில் பிழையில்லை, அவருக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

அப்பம்மாவின் காலத்தில் பஞ்சு மெத்தையைப் பிரித்து அடித்துத் திரும்பத் தைத்தார்கள். தும்பு மெத்தை கடைசியில் தென்னம்பாத்திக்குப் போனது. இரும்பைப் போத்தல், பேப்பர் வாங்க வாறவர் எடுத்தார். ஸ்பொஞ்சை அவரும் தொடமாட்டார்.

சட்டம் என்ன சொல்லுது? 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தில் 129ஆம் பிரிவு, வீட்டுக் குப்பையை உரிய காலத்தில் அகற்றுவதைச் சபையின் கடமையாக்குகிறது. சேகரித்த குப்பை சபையின் சொத்து என்கிறது 130ஆம் பிரிவு. சபை வைத்திருக்கிற வண்டியும் வேலையாட்களும் பைக் கணக்கில்தான்.

அப்போது எங்களை ஆண்ட பிரித்தானியாவும் பிறகு இதே சிக்கலில் மாட்டுப்பட்டது. 1960களில் கைவிட்ட கார்களும் பழைய கட்டில்களும் நாட்டுப்புறத் தெருவோரங்களில் குவிந்தன. டங்கன் சான்டிஸ் என்ற எம்.பி. (சேர்ச்சிலின் முன்னாள் மருமகன்) கொண்டுவந்த தனிநபர் மசோதா 1967இல் சட்டமானது. கண்ட இடத்தில் கொட்டுவது அதன்படி குற்றம். அதோடு, குடியிருப்பாளர் தங்கள் வீட்டுக் கழிவைக் காசில்லாமல் கொண்டுவந்து போட உள்ளூராட்சி சபைகள் இடம் ஒதுக்கவும் வேண்டும். தண்டனையும் இடமும் ஒரே சட்டத்தில் வந்ததுதான் எங்களைக் கவர்ந்தது. எங்கட ஊரில் 'குப்பை கொட்டாதீர்' எண்ட பலகை மட்டும் நிக்குது, வேறெங்கே கொட்டலாம் எண்டு அதில் இல்லை.

ஆனால் அங்கேயும் கதை நேராகப் போகவில்லை. 25 கிலோவுக்கு மேற்பட்ட பொருளை வீட்டுக்கு வந்து எடுக்கக் கட்டணம் அறவிடலாம் என்று 1992இல் விதி வந்தது. 1996இல் நிலத்தில் புதைக்கும் கழிவுக்கு வரி வந்தது. தொன்னுக்கு 7 பவுணில் தொடங்கி, 2019இல் 90ஐத் தாண்டியது. புதைக்கக் காசு ஏற ஏற, வேறெங்காவது அனுப்புவதில் லாபம் கூடும் என்பது எங்கட வாசிப்பு.

அந்த 'வேறெங்கோ' ஒருதரம் கொழும்பாக இருந்தது. 2017 முதல் 2019 வரை, 'பாவித்த மெத்தை, கம்பளம்' எண்ட பெயரில் பிரித்தானியாவிலிருந்து 263 கொள்கலன்கள் வந்தன. மருத்துவமனைக் கழிவும் கலந்திருந்ததாகச் சுங்கம் சொன்னது. மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து 32 பேர் மாண்டதும் இதே 2017, சித்திரைப் புத்தாண்டன்று. சொந்தக் குப்பைக்கே இடமில்லாத நாட்டுக்கு ஊரான் வீட்டு மெத்தை! சூழலியலாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2020இல் திருப்பியனுப்பல் தொடங்கி, கடைசி 45 கொள்கலன்களும் 2022 பெப்ரவரியில் கப்பலேறின.

நாங்கள் எங்கட சபைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். வட்டாரத்துக்கு மாதம் ஒரு நாள் லொறி, இல்லாவிட்டால் சபை வளவிலேயே சனிக்கிழமைகளில் கொண்டுபோய்ப் போட ஒரு கூரை. எங்களுக்கு லொறியைவிடக் கூரையில்தான் விருப்பம், டீசல் செலவு குறைவு. ஆனால் ஓட்டோ பிடிக்க வசதியில்லாத வயதானவர்களுக்கு லொறியை விட்டால் வழியில்லை. கட்டணம் வைத்தால் எல்லாம் இரவோடு இரவாக வளவுக்கே திரும்பி வரும் எண்டதையும் எழுதினோம். பதில் இன்னும் வரேல்ல. ரயர்களை மட்டும் கவிழ்த்துத் தண்ணியை ஊத்திவிட்டு வந்தோம்.