உப்பால் எழுந்த நகரம்

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் முன்னோர் வாக்கு. அவ்வாக்கின் ஆழத்தை எனக்கு உணர்த்தியது ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் அமைந்த ஒரு நகரம். ஆஸ்திரிய நாட்டின் சால்ஸ்பர்க் அது. இசைமேதை மொசார்ட் 1756ஆம் ஆண்டு பிறந்த ஊர் என்றே உலகம் அதனை அறியும். அதன் பெயருக்கோ ‘உப்புக் கோட்டை’ என்பது பொருள். ஊரின் நடுவே ஓடும் சால்சாக் ஆற்றின் பெயரிலும் உப்பு கரைந்திருக்கிறது. ஒரே ஒரு பகல்தான் நான் அங்குக் கழித்தேன். ஆயினும் அப்பகல் இன்னும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

மியூனிக் நகரிலிருந்து காலையில் புறப்பட்ட தொடர்வண்டி இரண்டு மணி நேரத்திற்குள் சால்ஸ்பர்க் சேர்ந்தது. முதலில் ஹோஹன்சால்ஸ்பர்க் கோட்டைக்குச் சென்றேன். திருத்தந்தைக்கும் பேரரசருக்கும் இடையே பூசல் முற்றியிருந்த 1077ஆம் ஆண்டில், திருத்தந்தையின் பக்கம் நின்ற பேராயர் கெப்ஹார்ட் கட்டத் தொடங்கிய கோட்டை அது. மேலிருந்து நோக்கினால் ஆலயக் குவிமாடங்கள், பச்சை நிற ஆறு, அப்பால் உண்டர்ஸ்பெர்க் மலை என அனைத்தும் ஓவியமாய் விரிகின்றன. கோட்டையின் அடிவாரத்தில் புனித பேதுரு மடம் உள்ளது. புனித ரூபர்ட் 696ஆம் ஆண்டளவில் அதனை நிறுவினார். இப்புனிதரைச் சித்திரிப்போர் அவர் கையில் உப்புப் பீப்பாய் ஒன்றைக் கொடுப்பது வழக்கம்.

அதற்குக் காரணம் உண்டு. 1803ஆம் ஆண்டுவரை இந்நகரின் பேராயரே இந்நாட்டின் அரசராகவும் விளங்கினார். செங்கோலும் ஆயர் கோலும் ஒரே கையில் இருந்தன. அக்கையை நிறைத்த செல்வத்தின் பெரும்பகுதி உப்பினால் வந்தது. 1628ஆம் ஆண்டு அர்ச்சிக்கப்பட்ட பேராலயத்தின் பளிங்குக்கும், வீதிகளின் எழிலுக்கும் உப்பே விலை கொடுத்தது எனலாம். பேராலய வாயில்களில் 774, 1628, 1959 என்னும் மூன்று ஆண்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. மூன்றாவது, 1944ஆம் ஆண்டின் குண்டுவீச்சில் இடிந்த குவிமாடம் மீண்டும் எழுப்பப்பட்டு ஆலயம் திறக்கப்பட்ட ஆண்டு. போரின் காயத்தை மறைக்காமல் வாயிலிலேயே எழுதி வைத்த நகரம் இது என்று வியந்தேன். மறைந்திருந்த வேறொரு காயத்தை அப்போது நான் அறியேன்.

நண்பகலில் தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹாலைன் சென்று, அதன் மேலுள்ள டூர்ன்பெர்க் மலைக்கு ஏறினேன். கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கெல்டிய மக்கள் இம்மலையைக் குடைந்து உப்பெடுத்தனர். பிற்காலத்தார் வேறு வழி கண்டனர். களிமண்ணோடு கலந்து கிடக்கும் உப்புப் பாறையில் அறைகள் வெட்டி, அவற்றில் நீரைத் தேக்கினர். உப்பு கரைந்த நீரைக் குழாய்கள் வழியே ஹாலைனுக்கு இறக்கிப் பெரும் வாணலிகளில் காய்ச்சினர். காய்ச்சிய உப்பு படகேறி ஆற்றின் வழியே அயல்நாடுகளுக்குச் சென்றது. 1989ஆம் ஆண்டு உப்பெடுப்பு நின்றுவிட்டது. இன்று பயணிகள் வெண்ணிற மேலாடை அணிந்து சிறு வண்டியில் உள்ளே போகிறார்கள்; மரச்சறுக்குகளில் வழுக்கி இறங்குகிறார்கள்; நிலத்தடி உப்பேரியைத் தெப்பத்தில் கடக்கிறார்கள். நானும் சிறுவனைப்போல் சறுக்கி மகிழ்ந்தேன்.

அம்மலையில் உழைத்தவர்களின் வரலாறோ மகிழ்ச்சிக்குரியதன்று. அவர்களுள் பலர் மார்ட்டின் லூத்தரின் போதனையை மறைவாகக் கைக்கொண்டிருந்தனர். ஜோசப் ஷைட்பெர்கர் என்னும் சுரங்கத் தொழிலாளி தம் நம்பிக்கையை விட மறுத்ததால் 1686ஆம் ஆண்டு நாடு கடத்தப்பட்டார். தம் பெண்மக்கள் இருவரையும் விட்டுச் செல்லும்படி அவர் கட்டாயப்படுத்தப்பட்டார். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கவேண்டும் என்பது அரசின் ஆணை. நூரம்பர்க்கிலிருந்து அவர் எழுதிய மடல்களை மலைநாட்டார் ஒளித்து வைத்துப் படித்தனர்.

1731 ஆகஸ்டில் மலைநாட்டுக் குடியானவர்களின் தலைவர்கள் ஷ்வார்ட்சாக் என்னும் ஊரில் கூடினர். மேசைமேல் இருந்த உப்பைத் தொட்டு நாவில் வைத்து, நம்பிக்கையில் நிலைத்து நிற்பதாக உறுதி பூண்டனர் என்பர். பேராயர் லியோபோல்ட் ஆண்டன் ஃபிர்மியான் இதனைக் கலகம் எனக் கொண்டார். வேற்றுச் சமயத்தார் வெளியேற மூன்றாண்டு அவகாசம் தரவேண்டும் என்பது 1648ஆம் ஆண்டின் உடன்படிக்கை. கலகக்காரருக்கு அச்சலுகை இல்லை என்று கூறி, 1731 அக்டோபர் 31 அன்று அவர் ஆணை பிறப்பித்தார். நிலமற்றோருக்குக் கிடைத்த அவகாசம் எட்டே நாள். பனிக்காலம் தொடங்கும் வேளை அது! நிலமுடையோர் அடுத்த ஆண்டு வெளியேறினர். ஏறத்தாழ 20,000 பேர் பிறந்த மண்ணை இழந்தனர். பெரும்பாலோரைப் பிரஷ்யாவின் அரசர் முதலாம் ஃபிரெடரிக் வில்லியம் ஏற்றுக்கொண்டார். டூர்ன்பெர்க் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 700க்கும் மேற்பட்டோர் ஹாலந்துக்குச் சென்றனர்.

சிலர் கடல் கடந்து 1734ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜார்ஜியாவில் குடியேறினர். அவர்களை வழிநடத்திய போதகர்கள் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து சென்றவர்கள். அந்த ஹாலே நம்மவர்க்குப் புதிய பெயரன்று. அங்குப் பயின்ற சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் கரையிறங்கித் தமிழ் கற்றார், தமிழில் அச்சேற்றினார். ஜார்ஜியக் காட்டிலிருந்து வந்த மடல்களும் நம் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த மடல்களும் ஒரே நகரில் சென்று சேர்ந்தன. அந்த ஹாலேயும் உப்புக் காய்ச்சிப் பெயர்பெற்ற ஊரே.

மாலையில் நகருக்குத் திரும்பி லியோபோல்ட்ஸ்கிரோன் ஏரிக்கரையில் அமர்ந்தேன். ஏரியில் அன்னங்கள் மிதந்தன. மாளிகையின் வெண்மை நீரில் அசைந்தது. அம்மாளிகையைக் கட்டியவர் அதே ஃபிர்மியான்தான். 1736ஆம் ஆண்டு பணி தொடங்கியது. 1744ஆம் ஆண்டு அவர் இறந்தபின் உடல் பேராலயத்திலும், இதயம் இம்மாளிகைச் சிற்றாலயத்திலும் வைக்கப்பட்டன. பின்னாளில் மாளிகையை வாங்கியவர் நாடக மேதை மாக்ஸ் ரைன்ஹார்ட். 1920ஆம் ஆண்டு சால்ஸ்பர்க் விழாவைத் தொடங்கியவர்களுள் ஒருவர் அவர். யூதர் என்பதால் 1938ஆம் ஆண்டு நாசிகள் அவரிடமிருந்து மாளிகையைப் பறித்தனர். விரட்டியவர் கட்டிய வீட்டிலிருந்தே மற்றொருவர் விரட்டப்பட்டார். நம்பிக்கைக்காக ஒருவனை வெளியேற்றலாம் என்று ஒரு நாடு ஒருமுறை கற்றுக்கொண்டால், அப்பாடத்தை அது எளிதில் மறப்பதில்லை போலும்.

கத்தோலிக்கனாகிய எனக்கு அம்மாலை எளிதாக இருக்கவில்லை. ‘அக்காலத்து அரசர் எல்லாரும் அப்படித்தான்’ என்று மனம் சமாதானம் தேடியது. அந்தச் சமாதானத்தை ஏற்க மறுத்தவர் சால்ஸ்பர்க்கின் பேராயர் ஒருவரே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிறைவுற்ற மறு ஆண்டு, 1966இல், பேராயர் ஆந்திரேயாஸ் ரோராஹர் அந்த வெளியேற்றத்திற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். ஆணையிட்டவரின் இருக்கையில் அமர்ந்தவரே அந்தச் சொல்லைக் கூறினார். இறந்தோர் அதனைக் கேட்கவில்லை. இழந்த நிலம் மீளவில்லை. ஆயினும் 235 ஆண்டுகளாக யாரும் சொல்லாத சொல் அது. கோட்டை கட்டுவதற்கு வேண்டிய துணிவினும் அதற்குப் பெருந்துணிவு வேண்டும் அன்றோ?

ஆண்டவர் தம் சீடரை உப்புக்கு ஒப்பிட்டார். சாரமிழந்த உப்பைப் பற்றியும் எச்சரித்தார். சாரம் எங்கே போகிறது என்று பலமுறை எண்ணியதுண்டு. பிறர் துயருக்கு நாமும் காரணம் என்பதை ஒப்புக்கொள்ளாதபோது போகிறது என்று அவ்வேரிக்கரையில் தோன்றியது.

இரவு வண்டியில் திரும்பும்போது டூர்ன்பெர்க்கில் பெற்ற சிறிய உப்புப் பொட்டலம் என் பையில் இருந்தது. மலையைக் குடைந்து அந்நகரின் குவிமாடங்களுக்கு விலை தந்தவர்களின் உப்பு அது. அவர்களையும் நினைக்க வேண்டும், உள்ளளவும்.