அதுவா, அவரா? – வேற்றுலக விருந்தினரும் இளையோர் நகைச்சுவைப் புனைகதையும்

தமிழிலக்கணம் உலகத்துப் பொருள்களையெல்லாம் உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுத்தது. தொல்காப்பியர் உயர்திணையில் மக்களை மட்டுமே வைத்தார். பின்வந்த நன்னூலார் தேவரையும் நரகரையும் அவர்களோடு சேர்த்தார். வேறொரு கோளிலிருந்து விண்கலத்தில் வந்திறங்கும் உயிரை எத்திணையில் வைப்பது என்ற வினா இருவருக்கும் எழவில்லை. எழ வேண்டிய தேவையும் இல்லை. ஆயின், இளையோர் விரும்பிப் படிக்கும் வேற்றுலகக் கதைகளின் வரலாற்றை நோக்குமிடத்து, அவற்றின் நகைச்சுவை பெரிதும் இவ்வினாவைச் சுற்றியே சுழல்வதைக் காணலாம். வந்தது ‘அது’வா, ‘அவரா’? இதனைத் திருப்பிப் போட்டு, வந்தவர் பார்வையில் நாம் எத்திணை என்று கேட்கும்போது நகை அங்கதமாகக் கூர்மை பெறுகிறது.

இவ்வகைக் கதைகளுக்கு மூத்த முன்னோடியாகப் பிரெஞ்சு எழுத்தாளர் வால்தேரின் ‘மைக்ரோமெகாஸ்’ (1752) என்னும் குறுங்கதையைக் கொள்ளலாம். அது சிறுவர்க்கென எழுதப்பெற்றதன்று. எனினும், இக்கதை மரபின் விதை முழுவதும் அதில் உள்ளது. சிரியசு விண்மீனைச் சுற்றும் கோளொன்றில் வாழும் மைக்ரோமெகாசின் உயரம் 1,20,000 அடி. பூச்சிகளைப் பற்றி அவன் எழுதிய நூல் சமயத் தலைவருக்குப் பிடிக்கவில்லை. வழக்கு 220 ஆண்டுகள் நடைபெற்றது. இறுதியில் 800 ஆண்டுகள் அரசவைக்கு வரக்கூடாதெனத் தீர்ப்பாயிற்று. (வால்தேரே சிறையையும் நாடுகடத்தலையும் அறிந்தவர் என்பதை நினைவிற் கொண்டால் இந்த ஆண்டுக்கணக்கின் சுவை விளங்கும்.) அவன் சனிக்கோளிலிருந்து ஒரு தோழனை அழைத்துக்கொண்டு புவிக்கு வருகிறான். இங்கு உயிர்களே இல்லையென்று இருவரும் முதலில் எண்ணுகின்றனர். பின்னர், வைரத்தை உருப்பெருக்கியாகக் கொண்டு நோக்கிப் பால்டிக் கடலில் ஒரு கப்பலைக் காண்கின்றனர். அதிலுள்ளோர் வடமுனை வட்டத்தில் அளவைப்பணி முடித்துத் திரும்பும் அறிஞர்கள். மொப்பர்துயி என்பார் தலைமையில் 1736–37இல் லாப்லாந்து சென்று, புவி துருவங்களில் தட்டையானது என நிறுவிய உண்மையான ஆய்வுக்குழுவையே ஆசிரியர் கதைக்குள் கொணர்ந்துள்ளார்.

நீளம், அகலம், தொலைவு ஆகியவற்றைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அந்நுண்ணுயிர்கள் ஒருமித்துச் சரியாக விடையிறுக்கின்றன. ஆன்மா எதுவெனக் கேட்டதும் ஆளுக்கொன்று சொல்கின்றன. அண்டமனைத்தும் மனிதனுக்காகவே படைக்கப்பட்டது என்று அவற்றுள் ஒன்று முழங்கியதும், விண்ணவர் இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கின்றனர். அச்சிரிப்பில் கப்பலே தவறி விழுகிறது. நகைக்கு நிலைக்களனாகத் தொல்காப்பியர் கூறும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனுள், பேதைமை நமக்கும் எள்ளல் அவர்களுக்கும் உரியதாகி விடுகின்றன. ஆயினும், அந்தப் பெரியவன் நம்மை நசுக்கிவிடவில்லை, கனிவோடு பேசுகிறான். இக்கனிவு பின்வந்தோர் பலரிடம் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிரிப்பு மறைந்து அச்சம் வந்தது. ஹெச்.ஜி. வெல்சின் ‘உலகங்களின் போர்’ 1897இல் இதழிலும் 1898இல் நூலாகவும் வெளிவந்தது. செவ்வாய்வாசிகளைக் கொடியவரெனக் கடியுமுன், ஐரோப்பியர் தாசுமேனிய மக்களுக்குச் செய்ததை எண்ணிப்பாருங்கள் என அவர் முதல் அதிகாரத்திலேயே எழுதிவிட்டார். படையெடுப்பை நினைவிற்கொண்டவர் பலர். இவ்வரியை நினைவிற்கொண்டவர் சிலரே.

அச்சத்திலிருந்து மீண்டும் நகைக்குத் திரும்பிய இளையோர் நாவல்களுள், அமெரிக்கரான ராபர்ட் ஹைன்லைன் 1954இல் எழுதிய ‘விண்மீன் விலங்கு’ தனித்து நோக்கத்தக்கது. ஜான் தாமஸ் ஸ்டூவர்ட் என்னும் இளைஞனின் வீட்டில் ‘லம்மாக்ஸ்’ என்னும் விலங்கு பல தலைமுறைகளாக வளர்ந்து வருகிறது. விண்பயணம் சென்ற முன்னோர் ஒருவர் குட்டியாகக் கொணர்ந்தது அது. இப்போது யானையினும் பெரியது, பேசும், இரும்பையும் தின்னும். ஒருநாள் அது வேலி தாண்டி ஊருக்குள் புகுந்து பேரிழப்பை விளைவிக்கிறது. வழக்கு மன்றமேறுகிறது; கொன்றுவிடுமாறு ஆணை பிறக்கிறது. அந்நேரத்தில், காணாமற்போன தம் அரசகுலச் செல்வியைத் தேடி வலிமை மிக்கதொரு வேற்றுலக இனம் புவியை வந்தடைகிறது. அச்செல்வி லம்மாக்சேதான்! இந்நாவலைத் தமிழில் பெயர்ப்போர் அதுவரை ‘அது’ என எழுதி வந்ததை அவ்விடத்தில் ‘அவள்’ என மாற்றியாக வேண்டும். நகைச்சுவையின் உச்சம் இனித்தான் வருகிறது. மனிதர்கள் தன்னை வளர்த்ததாக லம்மாக்ஸ் எண்ணவேயில்லை. ஜான் தாமஸ்களைத் தலைமுறை தலைமுறையாகத் தான் வளர்த்து வருவதாகவே அவள் கருதியிருக்கிறாள்.

இந்நாவலில் சிக்கலைத் தீர்ப்பவர் கிகு என்னும் உயர் அலுவலர். அவர் கென்யா நாட்டுக் கறுப்பினத்தவர். அமெரிக்கப் பள்ளிகளில் நிறவேற்றுமை சட்டத்துக்குப் புறம்பானதென உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது அதே 1954ஆம் ஆண்டிற்றான். கென்யா அப்போது ஆங்கிலேயரின் நெருக்கடிநிலை ஆட்சியின்கீழ் இருந்தது. அத்தகைய காலத்துச் சிறுவர் நூலில் உலகின் பொறுப்பு ஓர் ஆப்பிரிக்கர் கையில் தரப்பட்டது சிறு செய்தியன்று. அவருக்கும் ஒரு குறையுண்டு; பாம்பென்றால் நடுங்குவார். தூதராக வந்தவர்க்கோ தலைமுடியெல்லாம் பாம்பு போல நெளியும்! அச்சத்தை அடக்கிக்கொண்டு, விருந்தினரிடம் அவர் காட்டும் பண்பு நயத்தக்க நாகரிகம் என்றே கூறத்தோன்றுகிறது.

நம் நாட்டில் இத்துறையின் மணியெனத்தக்கது சத்யஜித் ராய் வங்கமொழியில் எழுதிய ‘பங்குபாபுவின் நண்பன்’ (1962). அவருடைய பாட்டனார் 1913இல் தொடங்கிய ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழை ராய் 1961இல் மீண்டும் உயிர்ப்பித்திருந்தார். கதை அதில் வெளிவந்தது. எவ்வளவு கேலி செய்தாலும் பொறுத்துக்கொள்ளும் ஊர்ப்புறத்து ஏழை ஆசிரியர் பங்குபாபு, மூங்கில் தோப்பில் ‘ஆங்’ என்பவரைச் சந்திக்கிறார். வழிதவறி இங்கு இறங்கியவர் அவர். ஊரார் ‘அது’ போல நடத்திய ஆசிரியரை அயலுலகத்தார் ‘அவர்’ என மதிக்கிறார். மறுநாள் பங்குபாபு, தம்மைக் கேலி செய்தோர் கூடியிருக்கும் இடத்திற்குச் சென்று மனத்திலுள்ளதைச் சொல்லிவிட்டு வெளியேறுகிறார். பின்னாளில், 1967இல், ராய் எழுதிய ‘ஏலியன்’ திரைக்கதை ஹாலிவுட்வரை சென்றும் படமாகவில்லை. ஆசிரியப்பணியில் உள்ளோர் பங்குபாபுவைப் படித்துவிட்டுச் சும்மா இருத்தல் இயலாது என்பது என் எண்ணம்.

1978இல் பி.பி.சி. வானொலியில் டக்ளஸ் ஆடம்ஸ் தொடங்கிய ‘பால்வீதிப் பயணியின் கையேடு’ பெரியோர்க்கானதாயினும் பள்ளி மாணவரிடையே பெரிதும் பரவியது. அண்டப் புறவழிச்சாலை அமைப்பதற்காகப் புவி இடிக்கப்படுகிறது. வரைபடங்கள் 50 ஆண்டுகளாகப் பக்கத்து விண்மீனில் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தனவே, ஏன் மறுப்புத் தெரிவிக்கவில்லை என அதிகாரி சினக்கிறார். நிலம் கையகப்படுத்தும் அறிவிக்கையைக் கண்ட எவருக்கும் இதற்கு உரை வேண்டியதில்லை.

இம்மரபின் முதிர்ந்த கனியாக நான் கருதுவது ஆடம் ரெக்ஸ் 2007இல் எழுதிய ‘ஸ்மெக் திருநாளின் உண்மைப் பொருள்’ என்னும் நாவலே. கதை முழுவதும் பள்ளிச்சிறுமி டிப் எழுதும் கட்டுரைவடிவில் அமைந்துள்ளது. ‘பூவ்’ என்னும் இனத்தார் புவியைக் கைப்பற்றித் தம் தலைவன் பெயரால் ‘ஸ்மெக்லாந்து’ எனப் பெயரிடுகின்றனர். அமெரிக்கர் அனைவரும் புளோரிடாவுக்குச் செல்லவேண்டுமென ஆணையிடுகின்றனர். பின்னர் ஆரஞ்சுப் பழத்தின் சுவை அவர்க்குப் பிடித்துப்போகிறது. புளோரிடா தமக்கே வேண்டுமென்று கூறி, மக்களை அரிசோனாவுக்கு விரட்டுகின்றனர்.

சிறுவர் இவ்விடத்தில் சிரிப்பர், சிரிக்கத்தான் வேண்டும். ஆனால், 1830இல் அமெரிக்க அரசு இயற்றிய பழங்குடியினர் அகற்றல் சட்டத்தை அறிந்தவர்க்குச் சிரிப்பு தொண்டையில் நிற்கும். செரோக்கி மக்கள் 1838–39இல் மேற்கு நோக்கி நடத்திச் செல்லப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டனர். 1868 உடன்படிக்கையால் லகோட்டா மக்களுக்கு உரியதென ஒப்புக்கொள்ளப்பட்ட கருங்குன்றுகள், 1874இல் பொன் கண்டறியப்பட்டதும் 1877இல் பறிக்கப்பட்டன. பொன்னுக்கு மாற்றாக ஆரஞ்சை வைத்ததே ஆசிரியரின் அங்கதத்திறன். பெயர் மாற்றத்தையும், ‘உங்கள் நன்மைக்கே’ என்னும் அன்புமொழியையும் அவர் விட்டுவைக்கவில்லை. கதையில் முதிய பழங்குடியினர் ஒருவரும் வருகிறார். பிறர்க்குப் புதிதாகத் தோன்றும் இழப்பு அவர்க்குப் பழங்கதை. பூவ் இனத்தவனான தோழன், சிதைந்த ஆங்கிலத்தில் பேசி முதலில் நகைப்புக்கிடமாகிறான். அவன் ஆங்கிலம் கற்றிருக்கிறான், டிப் அவன்மொழியில் ஒரு சொல்லும் அறியாள் என்பது மெல்லவே நமக்கு உறைக்கிறது.

இந்நாவலைத் தழுவி 2015இல் ‘ஹோம்’ என்னும் உயிரோவியப் படம் வந்தது. அதில் மக்கள் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்படுகின்றனர். நட்பும் பாட்டும் எஞ்சின, வரலாறு உதிர்ந்தது.

தமிழ்த்திரை இவ்விருந்தினரை முன்னரே வரவேற்றுள்ளது. 1963இல் வெளிவந்த ‘கலை அரசி’யில், அறிவியல் வளர்ந்தும் கலையறியாத கோளொன்றினர், இசை கற்பிப்பதற்காக நம் பாடகி ஒருத்தியைக் கவர்ந்து செல்கின்றனர். (1989இல் புரூஸ் கோவிள் எழுதிய ‘என் ஆசிரியர் வேற்றுலகவர்’ என்னும் அமெரிக்கச் சிறுவர் நாவலின் வேற்றுலக ஆசிரியருக்கோ இசையைக் கேட்கவே பொறாது!) 2024 பொங்கலையொட்டி வந்த நகைச்சுவைப் படத்திற்கு ‘அயலான்’ எனப் பெயர். அதனை இட்டவர் இலக்கணத்தை எண்ணி இட்டாரோ, அறியேன். ஆயினும், ‘ஆன்’ என்பது உயர்திணை ஆண்பால் விகுதி.