முதற் கோல் அடித்தவர்

உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டிகளில் 1930ஆம் ஆண்டு தொடக்கம் 2022ஆம் ஆண்டு வரை அடிக்கப்பட்ட கோல்கள் 2,700க்கு மேற்பட்டவை. அவற்றுட் பலவற்றை அடித்தோர் தத்தம் நாடுகளிற் பெருவீரர்களாகப் போற்றப்பட்டனர், செல்வமும் சேர்த்தனர். ஆனால் அந்த நெடுவரிசையில் முதலாவதாக நிற்கும் கோலை அடித்த மனிதரோ ஒரு மோட்டார் வண்டித் தொழிற்சாலையின் ஊழியர். கோல் அடித்தமைக்காக அவருக்குக் கிடைத்த பரிசு, உடன் ஆடிய தோழர்களின் கைகுலுக்கல் ஒன்றே. அவர் பெயர் லூசியன் லோரான்.

பாரிஸ் மாநகரை அடுத்துள்ள சென் மோர் என்னும் ஊரில் 1907ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆந் தேதி லோரான் பிறந்தார். உயரம் குறைந்தவர், 162 சென்ரிமீற்றருக்கு மேல் அவர் வளரவில்லை. எனினும் கால்களில் விரைவு இருந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே பாரிஸ் நகரின் செர்க்கிள் அத்லெத்தீக் என்னும் கழகத்திற் சேர்ந்து, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அங்கு ஆடினார். அவருடைய சகோதரர் ஜான் லோரானும் உதைபந்தாட்டக்காரரே.

அக்காலத்துப் பிரான்சில் உதைபந்தாட்டம் ஒரு தொழிலாக ஒப்புக்கொள்ளப்படவில்லை. ஆட்டக்காரர் எவரும் ஊதியம் பெறலாகாது என்பது விதி. ஆயினும் நல்ல ஆட்டக்காரரைக் கவர விரும்பிய கழகங்கள் மறைவிற் பணம் கொடுத்தன. அல்லது அவருக்கு ஒரு கடையிலோ தொழிற்சாலையிலோ வேலை தேடிக் கொடுத்தன. யாவரும் அறிந்திருந்தும் எவரும் பேசாத இந்த ஏற்பாட்டைப் பிரெஞ்சு மக்கள் நகைப்பாகப் ‘பழுப்பு நிற அமெச்சூர் முறை’ என்று அழைத்தார்கள். நாட்டின் கிழக்கெல்லையை அடுத்த சோஷோ என்னுமிடத்திற் பெரிய மோட்டார் தொழிற்சாலை வைத்திருந்த பூஜோ குடும்பத்தினர் 1928இல் ஒரு கழகத்தை நிறுவினர். சிறந்த ஆட்டக்காரரைத் திரட்டுவதில் இக்கழகம் ஏனையவற்றிலும் துணிவாக நடந்துகொண்டது. லோரானும் அவருடைய சகோதரரும் அங்கே சென்றனர்.

அவ்வேளையிலேதான் உருகுவே நாட்டிலிருந்து அழைப்பு வந்தது. முதலாவது உலகக் கிண்ணப் போட்டியை நடத்த முன்வந்திருந்த அந்நாடு, ஐரோப்பிய அணிகளின் பயணச் செலவை ஏற்பதாகவும் கூறியது. அப்படியிருந்தும் ஐரோப்பாவிலிருந்து நான்கு நாடுகளே சென்றன. காரணம் பணமன்று, காலம். கப்பலில் அங்கு செல்லவே இரண்டு வாரங்கள் வேண்டும். போய் ஆடித் திரும்ப இரண்டு மாதங்கள் கழியும். ஊதியம் பெறாத ஆட்டக்காரர் ஒருவர் தம் முதலாளியிடம் இரண்டு மாத விடுப்பை எவ்வாறு பெறுவது? அணித் தேர்வுக்குப் பொறுப்பாயிருந்த காஸ்தோன் பாரோவே தம் அலுவலிலிருந்து விடுப்புப் பெற இயலாது நாட்டிலே தங்கிவிட்டார். சோஷோ ஆட்டக்காரர் நால்வருக்கு அத்தகைய இடையூறு நேரவில்லை; லோரான் சகோதரர் இருவரும் அந்நால்வருள் அடங்குவர்.

1930ஆம் ஆண்டு ஜூன் மாதம் 21ஆந் தேதி, வில்ஃபிரான்ஷ் துறைமுகத்தில் அவர்கள் ‘கொந்தே வேர்தே’ என்னும் இத்தாலியக் கப்பலில் ஏறினார்கள். ருமேனிய அணி ஏற்கெனவே அதில் இருந்தது. பெல்ஜியம் அணி வழியில் ஏறியது. சர்வதேச உதைபந்தாட்டச் சங்கத் தலைவர் ஜூல் ரிமே வெற்றிக் கிண்ணத்தைத் தம் பயணப் பொதிகளோடு எடுத்துச் சென்றார். தளத்தில் ஓடுவதும், படிகளில் ஏறி இறங்குவதும், உடற்பயிற்சி செய்வதுமே கப்பலிற் கிடைத்த பயிற்சி. கடல்நடுவே பந்தை உதைத்தால் அது திரும்பி வருமென்பதற்கு உறுதி ஏது? ரியோ நகரிற் பிரேசில் அணியையும் ஏற்றிக்கொண்டு, ஜூலை 4ஆந் தேதி கப்பல் மொன்ரிவிடியோவை அடைந்தது.

போட்டிக்கென எழுப்பப்பட்ட பேரரங்கம் அப்போது கட்டி முடிந்திருக்கவில்லை. எனவே ஜூலை 13ஆந் தேதி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு, பொசிற்றோஸ் என்னும் சிறிய அரங்கிற் பிரான்சும் மெக்சிக்கோவும் எதிர்ப்பட்டன. கூடியிருந்தோர் ஐயாயிரம் பேர்கூட இல்லை. அதே வேளையில் நகரின் மற்றோர் அரங்கில் அமெரிக்காவும் பெல்ஜியமும் ஆடத் தொடங்கின. எனவே முதற் கோல் எந்த அரங்கில் விழும் என்பதைச் சில நிமிடங்களே தீர்மானிப்பனவாயின.

தென்னுலகில் ஜூலை குளிர்காலம். அன்று பனி பெய்துகொண்டிருந்ததாக லோரான் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 19ஆம் நிமிடத்தில், வலப்புறமிருந்து லிபெராத்தி பந்தை மையத்துக்கு அனுப்பினார். அது வரும் வழியைக் கண்ணாற் பற்றிக்கொண்டே ஓடிய லோரான், நிலத்தில் விழவிடாது வலது காலால் அடித்தார். மெக்சிக்கோவின் கோற்காவலர் பொன்பிலியோவைக் கடந்து பந்து வலைக்குட் புகுந்தது. தோழர்கள் கையைக் குலுக்கினார்கள்; மீண்டும் ஆட்டந் தொடங்கியது. நிலத்திற் புரண்டு கொண்டாடுவாரும் ஒருவர்மீதொருவர் ஏறிக் குதிப்பாரும் அங்கு இல்லை. தாம் செய்தது வரலாறு என்று அப்போது எவரும் எண்ணவில்லை எனவும், அதற்கெனத் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை எனவும் லோரான் பின்னர் சிரித்தபடி கூறுவதுண்டு. மற்றைய அரங்கில் அமெரிக்கா தன் முதற் கோலை அடித்தது அதற்குச் சில நிமிடங்களின் பின்னரே.

அவ்வாட்டத்தின் எஞ்சிய பகுதியும் மறக்கத் தக்கதன்று. லோரான் கோல் அடித்துச் சிறிது நேரத்திற் பிரெஞ்சுக் கோற்காவலர் தெப்போவின் தாடையில் அடிபட்டு, அவர் வெளியேற நேர்ந்தது. மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதி அக்காலத்தில் இல்லை. நடு ஆட்டக்காரராகிய ஷான்த்ரெல் கோற்காவலுக்குச் சென்றார். பத்துப் பேரோடு ஆடிய பிரான்ஸ் மேலும் மூன்று கோல்களை அடித்து 4–1 என வென்றது.

இரண்டு நாள் கழித்து ஆர்ஜென்ரீனாவோடு ஆடியபோது, மொந்தி என்னும் முரட்டு ஆட்டக்காரரால் லோரான் காயமுற்று நொண்டிக்கொண்டே களத்தில் நின்றார். அதே மொந்தி 81ஆம் நிமிடத்தில் அடித்த கோலே அவ்வாட்டத்தின் ஒரே கோலாயிற்று. பிரான்ஸ் சமப்படுத்த விரைந்துகொண்டிருந்த வேளையில், நேரம் முடிய ஆறு நிமிடங்கள் இருக்க, மத்தியஸ்தர் தவறுதலாக ஊதலை ஊதிவிட்டார். களத்தைவிட்டுச் சென்றவர்களைத் திரும்ப அழைத்து ஆட்டத்தை முடிக்கவேண்டியதாயிற்று. காயம் ஆறாத லோரான் சிலியுடன் நடந்த மூன்றாம் ஆட்டத்திற் பங்கெடுக்கவில்லை. அதிலும் பிரான்ஸ் தோற்று, நாடு திரும்பியது.

1931ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸை அடுத்த கொலோம்பில் இங்கிலாந்தைப் பிரான்ஸ் 5–2 என வீழ்த்தியபோது, அவ்வைந்தில் ஒன்றை லோரான் அடித்தார். நாட்டுக்காக ஆடிய பத்து ஆட்டங்களில் அவர் அடித்தவை இவ்விரண்டு கோல்களே.

பிரெஞ்சுச் சங்கம் 1932இல் தொழில்முறை ஆட்டத்தை ஒப்புக்கொண்டது. 20 கழகங்கள் பங்குகொண்ட முதலாவது சுற்றுப்போட்டி அவ்வாண்டு செப்டெம்பரிற் தொடங்கியது. ஆட்டக்காரரின் மாதச் சம்பளத்துக்கு 2,000 பிராங்க் என்ற உச்ச வரம்பும் விதிக்கப்பட்டது. மறைவாய் வாங்கியதை இனிக் கையொப்பமிட்டு வாங்கலாம். ஆனால் லோரானுக்கு அது ஊர் ஊராக அலையும் வாழ்வின் தொடக்கமாயிற்று. 1932இல் பாரிஸின் கிளப் பிரான்சே; மறு ஆண்டு மீண்டும் தம் பழைய செர்க்கிள் கழகம்; 1934இல் அல்சாசு மாநிலத்து முலூஸ்; 1935இல் மறுபடியும் சோஷோ; 1936இல் நாட்டின் மேற்கே ரென்; 1937இல் கிழக்கெல்லையில் ஸ்ட்ராஸ்பூர். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் வீட்டுத் தளபாடமும் ஆண்டுதோறும் இடம்பெயரும் இத்தகைய வாழ்வைப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்கள் எழுதுவதில்லை.

நல்லூழும் அவரைச் சற்று விலகியே சென்றது. சோஷோ முதன்முறையாக நாட்டின் வெற்றிக் கழகமான 1934–35ஆம் பருவத்தில் அவர் முலூசில் இருந்தார். அவர் திரும்பி வந்த ஆண்டில் அக்கழகம் வெல்லவில்லை. அவர் ரென் சென்றபின், 1937இல், சோஷோ பிரெஞ்சுக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. இறுதியாட்டத்தில் அதனிடந் தோற்றது ஸ்ட்ராஸ்பூர். அந்தத் தோற்ற கழகத்திற்குத்தான் லோரான் அதன்பின் சென்றார்!

1939 செப்டெம்பரிற் போர் மூண்டது. ஸ்ட்ராஸ்பூர் நகர மக்கள் வெளியேற்றப்பட்டனர். படையிற் சேர்க்கப்பட்ட லோரான் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, 1943இலேயே விடுதலை பெற்றார். மொன்ரிவிடியோவில் அவர் அணிக்குத் தலைமை தாங்கிய வில்லப்ளான் அக்காலத்திற் பகைவரோடு சேர்ந்து தம் நாட்டவரைக் கொடுமைப்படுத்தி, அதற்காக 1944 டிசம்பரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே கப்பலில் ஒரே சட்டை அணிந்து சென்றோரின் வழிகள் இவ்வளவு தூரம் பிரிந்தன.

சிறை மீண்ட லோரான் பெசான்சோன் நகரக் கழகத்தில் 1946 வரை ஆடினார். பின்பு அந்நகரிலேயே நிலையாகத் தங்கினார். ஆட்டக்காரர் அடிமைகளாய் இருக்கின்றனர் என்று புகழ்பெற்ற ரேமோன் கோப்பா 1963இல் வெளிப்படையாகக் கூறியதையும், குறித்த காலத்துக்கு மட்டும் ஒப்பந்தஞ் செய்யும் உரிமையை 1969இற் பிரெஞ்சு ஆட்டக்காரர் பெற்றதையும் அவர் வெளியே நின்றே பார்த்தார். அப்போது அவருக்கு 61 வயது.

உலகக் கிண்ணம் பெருவிழாவாக வளர்ந்தபோதுதான் முதற் கோலை அடித்தவர் யாரென்று பத்திரிகையாளர் தேடி, பெசான்சோனில் அவர் வீட்டுக் கதவைத் தட்டத் தொடங்கினர். பொசிற்றோஸ் அரங்கம் அதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் தெருக்களும் வீடுகளும் எழுந்துவிட்டன. 1998ஆம் ஆண்டு ஜூலை 12ஆந் தேதி, பிரான்ஸ் பிரேசிலை 3–0 என வென்று முதன்முறை உலகக் கிண்ணத்தை ஏந்திய வேளையில், 1930ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அணியில் உயிரோடு எஞ்சியிருந்தவர் லோரான் ஒருவரே. அவர் 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆந் தேதி, தமது 97ஆவது வயதில், பெசான்சோனிற் காலமானார்.